மருத்துவப் பயிற்சியில் போட்டி: எதை வைக்கலாம், எதை வைக்கவே கூடாது

வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் வகுப்புக்கென்று கிடைக்கிறது, எதிரே இரவு டியூட்டி முடித்த களைப்போடு பயிற்சி மருத்துவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், ஸ்லைடு போட்டுப் பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்திலேயே பாதிப் பேருக்குக் கண் சொருகிவிடுகிறது. அப்போதுதான் ஏதாவது போட்டி வைத்துப் பார்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். நல்ல யோசனைதான். வகுப்பு நிமிர்ந்து உட்காரும், சிரிப்புச் சத்தம் கேட்கும், அடுத்த வாரமும் ஆள் வரும். ஆனால் போட்டியில் பல வகை உண்டு. ஒன்றில் கிடைக்கும் பலன் இன்னொன்றில் கிடைக்காது, சில வகைகள் நோயாளியின் படுக்கையருகே வரவே கூடாத பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்துவிடும். கலகலப்பாக இருந்தது என்பதை மட்டும் வைத்து எதையாவது தேர்ந்தெடுத்துவிடக் கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எதற்குப் புள்ளி கொடுக்கிறோமோ அதைத்தான் கற்றுக்கொள்வார்கள். வேகத்துக்குக் கொடுத்தால் வேகம் வரும், யோசிப்பதற்குக் கொடுத்தால் யோசனை வரும், பேசி ஜெயிப்பதற்குக் கொடுத்தால் பேச்சு வரும். அதனால் எந்த வகையை எடுத்தாலும் இரண்டு கேள்விகளை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தத் திறமை அவர்களுக்கு ஏற்கெனவே ஓரளவு கைவந்ததா, இல்லை இப்போதுதான் தொடங்குகிறார்களா? புள்ளி கொடுக்கும் அந்த விஷயத்தையே நாளைக்கு வார்டில் அவர்கள் செய்தால் நமக்குச் சம்மதமா?

முதல் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. 1898இல் நார்மன் டிரிப்லெட் என்ற உளவியலாளர் சிறுவர்களைத் தூண்டில் ராட்டையைச் சுற்றச் சொல்லிப் பார்த்தார். பக்கத்தில் இன்னொருவன் போட்டிக்குச் சுற்றும்போது பலர் வேகமாகச் சுற்றினார்கள், சிலர் பதற்றத்தில் தடுமாறவும் செய்தார்கள். அந்தத் தடுமாற்றத்துக்கான விளக்கம் 1965இல் உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் எழுதிய கட்டுரையில் கிடைத்தது. பிறர் பார்க்கும்போது, நன்றாகப் பழகிய வேலை இன்னும் நன்றாக வரும், பழகாத வேலை இன்னும் கெடும் என்றார் அவர். மருத்துவப் பயிற்சிக்கு இதைவிட நேரடியான எச்சரிக்கை தேவையில்லை. முதல் முறை நரம்பில் ஊசி ஏற்றப் பழகுகிறவரை நாலு பேர் முன்னால் நிறுத்தி நேரம் குறித்தால் அவர் கை நடுங்கத்தான் செய்யும்.

இன்னொன்றும் உண்டு. 2012இல் முராயாமா, எலியட் என்ற உளவியலாளர்கள் இருவரும் போட்டி பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, போட்டிக்கும் செயல்திறனுக்கும் இடையே மொத்தத்தில் தொடர்பு ஏறக்குறைய இல்லை என்றே வந்தது. காரணம், போட்டி ஒரே நேரத்தில் இரண்டு ஆசைகளைக் கிளப்புகிறது: நன்றாகச் செய்து காட்ட வேண்டும் என்பது ஒன்று, கேவலப்பட்டுவிடக் கூடாது என்பது இன்னொன்று. முதலாவது திறனை ஏற்றுகிறது, இரண்டாவது இறக்குகிறது, கூட்டிக் கழித்தால் பூஜ்யம். ஆக, போட்டி நல்லதா கெட்டதா என்று விவாதிப்பதில் பயனில்லை. கேவலப்படும் பயத்தைக் குறைத்து, செய்து பார்க்கும் ஆசையை எந்த அமைப்பு வளர்க்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

இனி ஒவ்வொன்றாக வருவோம்.

அமைப்பாளருக்கு எளிதானது, செயலியில் தினமும் சில கேள்விகள் அனுப்பி யார் எத்தனை சரியாகப் போட்டார்கள் என்று தரவரிசைப் பட்டியல் போடுவது. யார் எந்த ஷிஃப்டில் இருந்தாலும் கலந்துகொள்ளலாம், செலவு குறைவு. கேள்விக்கு நினைவிலிருந்து விடை தேடுவதே ஒரு படிப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் செய்த சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள், ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது இடையில் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னே நின்றார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், இந்தப் பலன் கேள்வியால் வருவது, பட்டியலால் அல்ல. பட்டியல் ஆளைக் கேள்வியின் பக்கம் இழுக்கிறது, அவ்வளவுதான் அதன் வேலை. அந்த வேலையையும் மேலே இருக்கும் நாலைந்து பேருக்குத்தான் ஒழுங்காகச் செய்கிறது. இருபதாவது இடத்தில் இருப்பவர் இரண்டாவது வாரமே செயலியைத் திறப்பதை நிறுத்திவிடுவார், அவருக்குத்தான் அந்தக் கேள்விகள் அதிகம் தேவை. இந்த வகையை எடுத்தே ஆக வேண்டும் என்றால், முழுப் பட்டியலையும் காட்டாமல் முதல் சில இடங்களை மட்டும் காட்டுங்கள், வாராவாரம் கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள், சரியான விடைக்கு மட்டுமின்றித் தொடர்ந்து முயல்வதற்கும் புள்ளி கொடுங்கள்.

அடுத்தது பஸர் அடிக்கும் குவிஸ். எல்லோருக்கும் உடனே நினைவுக்கு வருவது இதுதான். அமெரிக்காவில் உள்மருத்துவத் துறையின் பெரிய சங்கமான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் தன் ஆண்டு மாநாட்டில் டாக்டர்ஸ் டிலெமா என்று பயிற்சி மருத்துவர் அணிகளுக்கு இப்படி ஒரு போட்டி நடத்துகிறது, அதற்காகவே மாதக்கணக்கில் படிக்கிறவர்கள் உண்டு. வகுப்பறைக்குள் அதே வேலையை இப்போது கஹூட் போன்ற செயலிகள் செய்கின்றன, போனில் நிறத்தைத் தொட்டால் போதும், சீக்கிரம் தொட்டால் கூடுதல் புள்ளி. சுறுசுறுப்புக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். உடனே நினைவுக்கு வந்தே ஆக வேண்டிய விஷயங்களுக்கு இது மிகப் பொருத்தமானது: பாராசிட்டமால் விஷமுறிவுக்கு அசிட்டைல்சிஸ்டீன், ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்துக்கு அட்ரோபின், அனாஃபிலாக்சிஸ் என்ற உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமையில் முதல் மருந்து தொடைத் தசையில் போடும் அட்ரினலின், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஈசிஜி மாறியிருந்தால் முதலில் கால்சியம். இவற்றில் தயக்கம் உயிரைக் குடிக்கும், அதனால் வேகத்துக்குப் புள்ளி கொடுப்பதில் தவறில்லை.

ஆனால் அதே பஸரை நோயறிதலுக்கு வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நோயறிதலில் நடக்கும் தவறுகளில் அடிக்கடி பேசப்படுவது, முதலில் தோன்றிய விடையிலேயே நின்றுவிட்டு மேலே தேடாமல் கதவைச் சாத்திவிடுவது. பஸர் அதற்குத்தான் பரிசு கொடுக்கிறது. நெஞ்சுவலி, வியர்வை, ஈசிஜியில் கீழ்ச்சுவர் மாரடைப்புக்கான எஸ்டி ஏற்றம் என்று கேள்வியைப் பாதி படிப்பதற்குள் ஒருவர் பஸரை அடித்து மாரடைப்பு என்கிறார், கைதட்டு விழுகிறது. அந்தக் கேள்வியின் மீதிப் பாதியில் வலி முதுகைக் கிழிப்பது போல இருந்தது, இரு கைகளிலும் ரத்த அழுத்தம் வேறுவேறாக இருந்தது என்று வந்திருக்கலாம். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் உட்சுவர் கிழிந்து வலது இதயத் தமனியின் வாயை அடைத்தாலும் ஈசிஜி அப்படியேதான் இருக்கும், அவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து போட்டால் ரத்தப்போக்கில் உயிரே போகலாம் என்று இந்தத் துறையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வகுப்பில் பாதிக் கேள்வியில் கைதட்டு வாங்கிய பழக்கம் அவசரப் பிரிவில் மட்டும் திடீரென்று நிதானமாகிவிடும் என்று நாம் ஏன் எதிர்பார்க்க வேண்டும்?

நோயறிதலைத்தான் போட்டியாக வைக்க வேண்டும் என்றால் புள்ளி கொடுக்கும் முறையைத் திருப்பிப் போடுங்கள். எல்லா அணிகளுக்கும் ஒரே கேஸ், ஒரே நேரம், விடையை எழுதித்தான் கொடுக்க வேண்டும். சரியான நோய்க்கு இரண்டு புள்ளி, தவறவிடவே கூடாத இன்னொரு நோயை எழுதி அதை ஏன் விலக்கினார்கள் என்று சொன்னால் மூன்று புள்ளி, தேவையில்லாத ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு புள்ளி குறைவு. அப்போதும் அதே சுறுசுறுப்பு இருக்கும், சண்டைகூட வரும், ஆனால் சண்டை எதைப் பற்றி என்று பாருங்கள்.

இங்கிருந்து எனக்கு மிகவும் பிடித்த வகைக்கு வருகிறேன், அணிவழிக் கற்றல். 1970களின் கடைசியில் ஓக்லஹாமா பல்கலைக்கழகத்தில் வணிகம் கற்பித்த லாரி மைக்கேல்சன், வகுப்பு பெரிதாகிவிட்டதே என்று தவித்து உருவாக்கிய முறை இது. பிறகுதான் மருத்துவக் கல்லூரிகள் எடுத்துக்கொண்டன. ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட நிலையான அணிகள். முன்கூட்டியே படித்துவிட்டு வர வேண்டும். முதலில் ஒவ்வொருவரும் தனியாக ஒரு சிறு தேர்வு எழுதுகிறார்கள், அப்புறம் அதே கேள்விகளுக்கு அணியாகக் கூடிப் பேசி ஒரே விடை சொல்ல வேண்டும். அதற்குச் சுரண்டும் அட்டை ஒன்று உண்டு: விடையைச் சுரண்டினால் நட்சத்திரம் தெரிந்தால் முழுப் புள்ளி, இல்லையென்றால் மறுபடி பேசி இன்னொன்றைச் சுரண்டலாம், புள்ளி குறையும்.

இதில் உள்ள போட்டி வேறு மாதிரியானது. வெளியே மற்ற அணிகளோடு போட்டி, உள்ளே ஒருவருக்கொருவர் விளக்கியே ஆக வேண்டிய கட்டாயம். தன் விடைதான் சரி என்று நினைக்கிறவர் அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், அமைதியாக இருக்கிறவரின் விடை சரியாக இருந்துவிட்டால் அடுத்த கேள்வியில் எல்லோரும் அவர் பக்கம் திரும்புகிறார்கள். வார்டிலும் இப்படித்தானே வேலை நடக்க வேண்டும்? ஜூனியர் ஒருவர் சந்தேகத்தைச் சொல்ல, சீனியர் நின்று கேட்க வேண்டும். அதற்கு மேல் இந்த முறையில் மேல்முறையீடு என்று ஒன்று இருக்கிறது, நான் பார்த்ததிலேயே அருமையான ஏற்பாடு அது. விடை தவறு என்று சொல்லப்பட்ட அணி, புத்தகத்தைப் புரட்டி ஆதாரத்தோடு எழுத்தில் வாதாடலாம். வாதம் சரியாக இருந்தால் அந்த அணிக்குப் புள்ளி. தோற்றவர்கள்தான் அன்றைக்கு அதிகம் படிக்கிறார்கள்! வேறு எந்தப் போட்டியிலும் இதை நான் கண்டதில்லை.

குறை இல்லாமல் இல்லை. ஆசிரியருக்கு வேலை மிக அதிகம், நல்ல கேள்வி பத்து தயார் செய்வது ஒரு விரிவுரை தயார் செய்வதைவிடக் கடினம். முன்கூட்டியே படிக்காமல் வந்தால் முழு ஏற்பாடும் சாய்ந்துவிடும், இரவு டியூட்டி பார்த்தவரிடம் முப்பது பக்கம் படித்து வா என்று சொல்வது நியாயமும் அல்ல. ரோஸ்டர் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் நிலையான அணி வைப்பதும் கஷ்டம். நான் சொல்வது, நாலு பக்கத்துக்கு மேல் படிக்கக் கொடுக்காதீர்கள், அணியை மாதம் ஒரு முறை மாற்றுங்கள், ஒவ்வொரு அணியிலும் எல்லா ஆண்டுக்காரர்களும் கலந்திருக்கட்டும்.

கைத்திறனுக்கு வருவோம். இங்கே போட்டி வேலை செய்கிறது, ஏனென்றால் அளப்பது எளிது. சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையில் ஜேம்ஸ் ராஸர் என்ற அறுவை மருத்துவர் டாப் கன் என்ற பெயரில் தையல் பயிற்சியை நேரப்போட்டியாகவே நடத்திக் காட்டினார். எஃப்எல்எஸ் என்ற அடிப்படை லேப்ராஸ்கோப்பித் தேர்வில் ஆறு சிறு வளையங்களை ஒரு கையால் எடுத்து, அந்தரத்திலேயே மறுகைக்கு மாற்றி, எதிர்ப்புற முளையில் மாட்டி, மறுபடி திரும்பக் கொண்டுவர வேண்டும். பயிற்சியில் பலர் வைக்கும் இலக்கு 48 விநாடி. ஆனால் நேரம் மட்டும் கணக்கில்லை. அதே தேர்வின் மற்றப் பகுதிகளில், வரைந்த வட்டத்தை வெட்டும்போது கோடு விலகினால், முடிச்சு தளர்ந்தால், புள்ளி போய்விடும். தவறுக்கான தண்டனை புள்ளிக் கணக்குக்குள்ளேயே இருக்கிறது என்பதால்தான் இந்தப் போட்டி ஒழுங்காக நடக்கிறது.

மார்பழுத்தத்துக்கு, அதாவது சிபிஆருக்கு, எந்தத் துறையானாலும் போட்டி வையுங்கள் என்பேன். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள், பெரியவர்களுக்குக் குறைந்தது 5 செ.மீ. ஆழம், 6 செ.மீ. தாண்டக் கூடாது, ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் மார்பு முழுதாக மேலே வர வேண்டும். பயிற்சிப் பொம்மையிலேயே அளவுகருவி இருந்தால் இவ்வளவையும் திரையில் காட்டிவிடும், நடுவர் தேவையில்லை, தகராறு இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: எண்ணிக்கையை மட்டும் புள்ளியாக்கினால் எல்லோரும் 130, 140 என்று ஓட ஆரம்பிப்பார்கள், வேகம் கூடக் கூட ஆழம் குறையும், மார்பு மேலெழவும் நேரம் இருக்காது. எல்லா அளவும் வரம்புக்குள் இருந்த விநாடிகளுக்கு மட்டும் புள்ளி கொடுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற வேண்டும் என்பதையும் சேர்த்து, மாறும்போது எத்தனை விநாடி வீணானது என்று குறித்தால் அது அணிப் போட்டியாகிவிடும், நிஜத்தில் நடப்பதும் அதுதான்.

மேடையில் நடக்கும் சிமுலேஷன் போட்டிகள், சிம்வார்ஸ் மாதிரியானவை, பார்க்க அற்புதமாக இருக்கும். அவசர மருத்துவத் துறையில் பிரபலம். இரண்டு அணிகள், ஒரே மாதிரி பொம்மை நோயாளி, நூறு பேர் பார்வையாளர்கள், நடுவர்கள் கருத்து சொல்வார்கள். உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு நிறையக் கிடைக்கும், மேலே நிற்கிறவர்கள் சீனியர்களாக இருந்தால் அவர்களுக்கும் கிடைக்கும். முதலாம் ஆண்டுக்காரரை ஏற்றாதீர்கள். ஸயான்ஸ் சொன்னது அங்கே அப்படியே நடக்கும். சிமுலேஷனின் உண்மையான பாடம் முடிந்த பிறகு உட்கார்ந்து பேசும்போதுதான் இருக்கிறது, எந்த இடத்தில் எனக்கு ஒன்றுமே புரியவில்லை என்று ஒருவர் மனம்விட்டுச் சொல்லும்போது. நூறு பேர் முன்னால், தோற்ற கையோடு, அதை யாரும் சொல்லமாட்டார்கள். மருத்துவமனை வார்டுகளில் குழுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய்ந்த ஏமி எட்மண்ட்ஸன் கண்டதும் இதையொட்டியதுதான்: நன்றாக இயங்கும் குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன, ஏனென்றால் அவர்களால் பயமில்லாமல் சொல்ல முடிந்தது. வருடத்துக்கு ஒரு முறை விழாவாக வைக்கலாம், வாராந்தரப் பயிற்சிக்கு இது வேண்டாம்.

கடைசியாக, யாரும் யாரோடும் போட்டி போடாத வழியும் ஒன்று உண்டு, அதை மறந்துவிடுகிறோம். என் போன மாத நேரத்தை நானே முறியடிப்பது, அல்லது மொத்தக் குழுவும் சேர்ந்து ஒரு இலக்கை எட்டுவது. புதிதாகக் கற்கும் எந்தக் கைவேலைக்கும் இதுதான் சரி. கெட்ட செய்தியை உறவினர்களிடம் சொல்வது, கோபமாக இருக்கும் நோயாளியிடம் பேசுவது போன்றவற்றுக்கு இதைத் தவிர வேறு எதையும் நான் ஏற்கமாட்டேன். பக்கத்து மேசைக்காரரைவிட உருக்கமாகப் பேசி ஜெயிக்கப் பழகியவரின் வார்த்தை நோயாளிக்கு வேண்டாம்.

மதிப்பெண்ணோடு இதைக் கலக்காதீர்கள் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். மருத்துவ மாணவர்களிடையே போட்டிக்கு என்றைக்கும் பஞ்சமில்லை, அதைக் குறைக்கத்தான் பல கல்லூரிகள் தேர்ச்சி, தேர்ச்சியில்லை என்ற இரண்டே நிலைக்கு மாறின. அமெரிக்காவின் உரிமத் தேர்வின் முதல் கட்டமே 2022 ஜனவரியில் அப்படி மாறிவிட்டது. வகுப்பில் விளையாட்டாக வைத்த குவிஸின் புள்ளி எங்காவது ஒரு கோப்புக்குள் போகிறது என்று தெரிந்த நிமிடமே நட்பு போய்விடும், குறிப்புகளை ஒளித்துவைக்கத் தொடங்குவார்கள். வார்டுக்குள்ளும் கொண்டுபோகக் கூடாது. யார் அதிகம் குழாய் செருகினார்கள், யார் வேகமாக டிஸ்சார்ஜ் எழுதினார்கள் என்று பலகையில் எழுதினால் அதன் விலையைக் கொடுப்பவர் நோயாளி, அவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

தோற்கிறவர்கள் யார் என்று எழுதி வையுங்கள். மூன்று வாரமும் அதே ஆட்கள் என்றால் அணியைக் கலைத்துப் போடுங்கள், அல்லது கேள்வியின் வகையை மாற்றுங்கள். தவறான விடை வந்ததும் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. அதெப்படித் தெரியாது என்று ஒரு முறை கேட்டுவிட்டால் அந்த வருடம் முழுக்க அவர் வாய் திறக்கமாட்டார். இந்த விடையைத் தேர்ந்தெடுக்கத் தூண்டியது எது என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் நல்ல காரணம் ஒன்று இருக்கும்.

வாரம் ஒரு மணி நேரம் மட்டும் கையில் இருக்கும் துறைக்கு நான் சொல்வது இதுதான். அணிவழிக் கற்றலின் சுருக்கமான வடிவத்தை எடுங்கள்: நாலு பக்க வாசிப்பு, ஐந்து கேள்வி, தனியாக ஒரு சுற்று, அணியாக ஒரு சுற்று, மேல்முறையீட்டுக்கு ஒரு நாள் அவகாசம். கடைசி ஐந்து நிமிடத்தில் மருந்தளவு, விஷமுறிவு, ஈசிஜி ஆகியவற்றுக்கு மட்டும் பஸர் வையுங்கள், களைப்பு பறந்துவிடும். திறன்கூடம் இருந்தால் மாதம் ஒரு முறை சிபிஆர் அணிப் போட்டி. தரவரிசைச் செயலிக்குச் செலவழிக்க இருந்த பணத்தை அளவுகருவி உள்ள பொம்மைக்குப் போடுங்கள்.

பலன் இருக்கிறதா என்று பார்க்க, நாலு வாரம் கழித்து அதே கேள்விகளைப் புள்ளியும் பெயரும் இல்லாமல் மறுபடி கொடுங்கள். அன்றைய வருகைப் பதிவையும் பக்கத்தில் வைத்து, முதல் வாரம் வந்து இப்போது வராமல் போனவர்கள் யார் யார் என்று பாருங்கள், அவர்களைத் தனியாகக் கூப்பிட்டு ஏன் என்று கேளுங்கள், அடுத்த மாத வடிவத்தை அவர்கள் சொல்வதை வைத்து மாற்றுங்கள்.